மைனி நின்ற சுவர்

மைனி அந்த வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பங்குனி மாதம். நாகர்கோவிலுக்கு வெளியே, குளத்தங்கரைக்குச் சற்றுத் தள்ளி இருந்த அந்த வீட்டைப் பார்க்க நானும் அவளும் ஆட்டோவில் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயிண்ட் வாசம். கொளுத்துகிற வெயிலில் வந்தவளுக்குச் சுவர் குளிர்ந்து இருந்தது பிடித்துப்போயிற்று. கன்னத்தை அப்படியே சாய்த்து வைத்துக்கொண்டு, "எப்பிடி ஜில்லுன்னு இருக்கு பாத்தியா மக்கா" என்று சிரித்தாள். அண்ணன் வளைகுடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். போனைப் பிடித்திருந்தது அவன் தங்கையான நான். அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தான். பிறகு, "அவளுக்குப் பிடிச்சிருக்குல்லா? அப்பம் சரி" என்றான். எங்கள் வீடு பார்க்கிற படலம் அத்தோடு முடிந்தது.

அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் மைனி என்போம். என்னுடைய மைனி ஆரல்வாய்மொழிக்காரி. காற்றாலைகள் நிற்கிற அந்தக் கணவாய் ஊரில் துவைத்துப் போட்ட சேலை திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருக்கும், இல்லையென்றால் அடுத்த வீட்டு வேலியில் கிடக்கும். ஈரச் சுவர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்கு அங்கே ஏதோ கட்டடக் கம்பெனியில் வேலை என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், பெட்டியைப் பிரிப்பான், மறுபடி கட்டிக்கொண்டு போவான். வாடகை வீட்டுக்காரர்கள் மைனியிடம் ஆணி அடிக்காதே என்பார்கள், முருங்கை வைக்காதே என்பார்கள். "உங்கண்ணன் சோலி முடிச்சு வரும்போ சொந்த வீட்டு வாசல்ல வந்து எறங்கணும். எனக்கு அது போதும்" என்பாள். அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற பழைய ஓட்டு வீடாகப் பார்த்து வாங்குகிறார்கள். தேக்குக் கதவையும் ஜன்னலையும் முதல் வேலையாகக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். பழைய தரைமேலேயே டைல்ஸ், ஈரத்தில் பூத்துப்போன சுவர்மேலேயே வெள்ளைப் புட்டிப் பூச்சு, ஒழுகுகிற ஓட்டை மறைக்க ஜிப்சம் சீலிங், அதில் குட்டிக் குட்டியாய் விளக்குகள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்கள். வீடியோவில் விளக்குதான் பளிச்சென்று தெரியும். மழைக்காலத்தில் இந்த வீடுகளை யாரும் விற்க மாட்டார்கள், மாசி பங்குனியில்தான் விற்பார்கள். எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை. மைனி புரோக்கரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வாஸ்து எல்லாம் சரியா இருக்கா?" அந்த மனுஷன் நெஞ்சில் கைவைத்து, "அடுக்களைய அக்னி மூலைக்கு மாத்தியில்லா தந்திருக்கோம்" என்றார். மைனிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அந்த மூலையில் முன்பு என்ன இருந்தது என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சித்திரையில் பால் காய்ச்சினோம். பால் கிழக்கே வழிந்தது என்று மைனிக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே கல்யாணப் போட்டோவை மாட்ட ஆணியும் சுத்தியலுமாக நின்றாள். ஆணி நிற்கவில்லை; சுவர் மாவு மாவாகக் கொட்டியது. "புதுச் செவரு இல்லா, எறுகட்டும்" என்று அதற்கும் சிரித்தாள். ஆனியில் சாரல் பிடித்ததும் பெயிண்டில் கொப்புளங்கள் வந்தன. விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. மழை வலுத்தபோது அடுக்களை டைல்ஸின் இடுக்குகளில் தண்ணீர் ஊறி, அடுப்பு மேடை ஒரு பக்கமாக இறங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "இங்கனதானே கெணறு கெடந்துது. ஒடச்ச செங்கலும் ஓடும் போட்டு மூடினானுவ. மூச்சு விட ஒரு குழாயாவது நட்டு வச்சிருக்கலாம், அதுகூட வைக்கல்ல" என்றாள். எங்கள் ஊரில் எத்தனை அவசரக்காரனும் கிணற்றைத் தூர்க்கும்போது ஒரு குழாயை மேலே நீட்டிவிட்டுத்தான் தூர்ப்பான். கிணறு மூச்சுவிடாமல் கிடக்கக்கூடாது என்பது ஒரு பயம், ஒரு மரியாதை. இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று நான் அவள்மேல் பாய்ந்தேன். "நாங்க சொல்லி யாவாரம் கலஞ்சா ஊருல எங்களையில்லா குத்தம் சொல்லுவாவ" என்றாள். புரோக்கர் அதற்குள் எங்கள் போனை எடுப்பதையே நிறுத்தியிருந்தார்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, தரையை முழுக்க உடைத்தால்தான் ஆகும் என்றார். மைனி சம்மதிக்கவில்லை. "உங்கண்ணன்கிட்ட சொல்லாண்டாம். அங்க இருந்துக்கிட்டு அவரு என்ன செய்வாரு, ஒறக்கம் கெட்டதுதான் மிச்சம்" என்றாள். அந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் நன்றாக இருந்தது. முன்னறையின் தெற்குச் சுவர். அது மட்டும் புதிதாகக் கட்டியது போல. அண்ணன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நிற்பாள். சேலையைச் சரிசெய்து, பொட்டை நேராக்கி, அதற்குப் பிறகுதான் போனை எடுப்பாள். தீபாவளிக்கும் அங்கேதான், கார்த்திகைக்கும் அங்கேதான். பொங்கலன்று பானையைத் துணி சுற்றித் தூக்கி வந்து அந்தச் சுவருக்கு முன்னால் வைத்து அவனுக்குக் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்கு முன்பே, ஐப்பசி அடைமழையில், அவளுக்கு இழுப்பு தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்குவாள். டாக்டர் அந்த வீட்டை விட்டு மாறச் சொன்னார். என் வீட்டுக்கு வா என்று கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "உன் வீட்டுச் செவரு நீல பெயிண்டுல்லா மக்கா. அவரு கண்டுபிடிச்சிருவாரு" என்றாள். இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு மனுஷி தன் நெஞ்சைக் கெடுத்துக்கொள்வாளா? அவள் கெடுத்துக்கொண்டாள். அடுத்த ஆவணியில் அண்ணன் வேலையை விட்டு ஒரேயடியாக வருவதாக இருந்தது. மைனி ஆடியில் போய்விட்டாள். அந்த ஈரம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் மனசு அப்படித்தான் சொல்கிறது, சாகும்வரை அப்படித்தான் சொல்லும்.

அண்ணன் சொந்த வீட்டு வாசலில்தான் வந்து இறங்கினான். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவன் அறை அறையாகப் போய்ச் சுவர்களைத் தடவிப் பார்த்தான். முகத்தில் அதிர்ச்சி இல்லை. அது எனக்கு என்னவோ போலிருந்தது. உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"மொத வீடியோவுலயே தெரிஞ்சுது" என்றான். "அங்க என் சோலி என்னன்னு நெனச்ச? பிளாட்டுல இருந்தவன் காலி பண்ணிப் போனா, அடுத்தவன் வாரதுக்குள்ள ஈரத்த மறச்சு செவத்த வெள்ளையாக்கிக் குடுக்கணும். அதாக்கும் சோலி. பங்குனி வெயிலுல செவரு ஜில்லுன்னு இருக்குன்னு அவ சொன்னப்பமே வெளங்கிட்டு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பின்ன என்னத்துக்குச் சரின்னு சொன்ன?"

"அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. வேண்டாம்னு சொல்ல வாய் வரல்ல. செவத்து ஈரந்தானே, வந்து நானே சரி பண்ணிக்கிடலாம்னு நெனச்சேன். அடியில கெணறு கெடக்கும்னு யாரு கண்டா?" தெற்குச் சுவரைக் காட்டிச் சொன்னான்: "எப்பமும் அந்த ஒரு செவத்துக்கு முன்னாலயே வந்து நிப்பா. மத்த எடத்தக் காட்டுன்னு நானும் ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டா அவளுக்கு வெப்ராளமாயிரும், மனசு ஒடஞ்சு போவா."

அவள் அவனுக்காக மறைத்தாள். அவன் அவளுக்காக, மறைப்பது தெரியாதவன் போல இருந்தான். இதற்கு அன்பு என்றுதான் பெயர் சொல்வார்கள். அந்த நிமிஷம் எனக்கு அவன் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வருடம் திரும்பியதும், வீட்டை விற்றுவிட்டு என் பக்கத்தில் வந்து இரு என்று அவனிடம் நான்தான் சொன்னேன். எப்படியோ மோப்பம் பிடித்து அதே புரோக்கர் வந்து சேர்ந்தார். ஒரு கோட் அடித்தால் போதும், பங்குனிக்குள் முடித்துவிடலாம் என்றார். அண்ணன் புட்டி வாங்கித் தானே தேய்த்தான், தானே பெயிண்ட் அடித்தான். அவன் கை வேலையைப் பார்க்க வேண்டுமே. எந்த இடத்தில் கொப்புளம் இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. தெற்குச் சுவரும் மற்ற சுவர்களும் ஒன்று போல நின்றன.

போன மாசி கடைசியில் முட்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். புருஷன் வெளிநாட்டில். போனை உயர்த்திப் பிடித்து அவனுக்குக் காட்டிக்கொண்டே நடந்தாள். புரோக்கர் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். "இங்கன பிரிட்ஜ் வைக்கலாம் பாருங்க, அந்தால மிக்சி" என்று அடுக்களையில் நின்று அவள் சொன்னபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான். கதவோரமாக நின்றிருந்தவன் அவளிடம் வந்து கையை நீட்டினான். "போன இங்க தா மக்கா."

அவள் ஏனென்று புரியாமல் கொடுத்தாள்.

"தம்பி, நல்லா பாத்துக்கிடுங்க" என்றபடி அறை அறையாகப் போனான். "இந்தச் செவத்துல ஈரம் உண்டு. புட்டி போட்டு மறச்சிருக்கு, நானாக்கும் மறச்சது. இங்க மேல ஒழுகும். இந்த அடுக்களைக்கு அடியில கெணறு கெடக்கு, ஒழுங்கா மூடல்ல. மழை வந்தா தரை எறங்கும்." ஒன்றையும் விடாமல் காட்டினான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் மைனியிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் அவன் முன்பின் தெரியாத ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். புரோக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்து அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்தப் பையன் போனில் கேட்டான்.

"அப்பம் நீங்க எங்க இருப்பிய அண்ணே?"

"இங்கதான்" என்றான் அண்ணன்.