அப்பச்சோடாவில் தோய்த்த ஜக்கெற்

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, சொந்தக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பார்சலோடு காரேறிய பிறகு, அருள்நாயகத்தின் உடுப்புகளும் கறுப்புப் பைகளில் வீட்டை விட்டுப் புறப்பட்டன. செத்தவரின் உடுப்பு வீட்டில் கிடக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். விட்பி நகரத்திலிருந்து வந்த மகள் நிலாணி எதையும் நாளைக்கென்று தள்ளிவைக்காத பிள்ளை. சேட்டு, சாரம், வேட்டி, பெனியன், கோயிலுக்குப் போடும் சால்வை என்று எல்லாவற்றையும் தோய்த்து, உலர்த்தி, மடித்து, பிளாசாவுக்குப் பக்கத்தில் நிற்கும் தானப்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். மனைவி பாலேஸ்வரி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு யாராவது வந்து வீட்டையே தரச்சொல்லிக் கேட்டிருந்தாலும் தலையாட்டித்தான் இருப்பாள்.

ஒரு கிழமை போனபிறகு என் கதவைத் தட்டினாள். ஸ்காபரோவில் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து வீடு எங்களுக்கு. இரண்டு பல்கனிக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான் மறைப்பு.

“அக்கா, அவற்ர உடுப்பு ஒண்டுகூட இல்லை.”

“எல்லாத்தையும் குடுத்துப்போட்டு இப்ப தேடுறியே?”

“உடுக்கவே கேக்கிறன்? மணந்து பாக்கத்தான். தலையணி உறையையும் தோய்ச்சுப் போட்டாள் பிள்ளை.”

இரண்டு பேரும் பஸ்ஸெடுத்துத் தானப்பெட்டியடிக்குப் போனோம். நான் பெட்டியின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தபோது கழுத்து மாட்டிக்கொண்டதென்றும், தீயணைப்புக்காரர் ஏணியோடு வந்தார்கள் என்றும் நான் கோயிலில் சொல்லித் திரிந்தது பொய். மாட்டியது தோள்தான். பிடித்து இழுத்தவள் பாலேஸ்வரி. பெட்டி வெறுமையாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள், “பல்கனியிலை பெட்டி ஒண்டு இருக்கக்கா. வேட்டை உடுப்பு.”

“அப்ப போய்த் திற.”

“மாட்டன். ஒருக்காத் திறந்தா மணம் வெளியாலை போயிடும். அதொண்டுதான் மிச்சம்.”

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அருள்நாயகம் அதிகம் பேசாத மனிதர். மிசிசாகாவில் உறைந்த மீனும் உறைந்த கோழியும் அடுக்கும் குளிர்களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அவரிடம் ஒரு சொல் வாங்குவதற்கு அவரைக் கொஞ்ச நேரம் அடுப்படியில் வைத்து உருகவிட வேண்டும் என்று நான் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார், மறுநாள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஸ்டெபனி என்ற வெள்ளைக்காரப் பெண்தான் அவரை மான் வேட்டைக்கு இழுத்தவள். அவளுடைய தகப்பனுக்குப் பீட்டர்பரோவுக்கு வடக்கே காட்டோடு ஒட்டிய காணி இருந்தது. மரத்தோடு கட்டிய ஒரு சின்ன இருக்கையில் ஏறி, விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அசையாமல் இருக்கவேண்டும், ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அவள் சொன்னாளாம். கலியாணத்தன்றுகூட அந்த மனுசனின் முகம் அப்படி மலர்ந்ததில்லை என்பாள் பாலேஸ்வரி.

முதல் நவம்பரில் அவருக்கு உடுப்புப் போட்டு அனுப்பியவள் பாலேஸ்வரி. பருத்திப் பெனியன், அதற்கு மேல் இன்னொரு பெனியன், சுவெற்றர் இரண்டு, டெனிம் காற்சட்டைக்குள் ஒரு பைஜாமா, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சோடி சொக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற பளபளவென்ற நைலோன் ஜக்கெற். குளிர் என்றால் கிடக்கிறதையெல்லாம் போட்டு மூடுவதுதானே எங்கள் சனத்தின் வைத்தியம். லிஃப்டில் அவர் ஏறியபோது வேறொருவருக்கும் இடமிருக்கவில்லை. கையைக் கீழே தொங்கவிட முடியாமல், கோபுரத்துப் பொம்மை மாதிரி இரண்டு பக்கமும் விரித்தபடி நின்றார்.

அந்த மூட்டையோடு காட்டுக்குள் மேட்டுப்பாதையில் நடந்தால் என்ன ஆகும்? வேர்த்து ஊற்றியிருக்கிறது. மரத்தில் ஏறி இருந்ததும் வேர்வை ஆறியது, பிறகு உறைந்தது. பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று தோலோடு ஒட்டிக்கொண்டது. மூன்று சொக்ஸ் திணித்த சப்பாத்துக்குள் இரத்தம் ஓட இடமில்லாமல் விரல்கள் கல்லாகிவிட்டன. கை தூக்கும்போதெல்லாம் நைலோன் சரசரத்ததில் சுற்றுவட்டாரத்து மான்களெல்லாம் கியூபெக் தாண்டி ஓடிவிட்டன. மத்தியானம் ஸ்டெபனி வந்து அவரை இறக்கியபோது, இருந்த வளைவிலேயே இறங்கினாராம். அப்படியே காரில் வைத்துக் கொண்டுவந்து, கதிரையில் வைத்தபோது அளவாகப் பொருந்தியது என்று நான் சொல்வதுண்டு. ஆனால் உதடு நீலம் பாரித்திருந்தது உண்மை. பாலேஸ்வரி அவருடைய காலை மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அழுததும் உண்மை.

“எல்லாத்தையும் போட்டுத்தானே விட்டனான்” என்றாள் அவள்.

“கூடப் போட்டிட்டீர், இஞ்சேரும்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த மனுசன் உடுப்பைப் படித்தார், மற்றவர்கள் சாதகம் படிக்கிற மாதிரி. பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம். தோலோடு மெல்லிய கம்பளி, அதற்கு மேலே தடித்த கம்பளி, கடைசியாகக் காற்றை மறிக்கும் பெரிய ஜக்கெற். நடக்கும்போது மெல்லியதோடு மட்டும் நடப்பார். மிச்சமெல்லாம் முதுகுப்பையில். மரத்தடியில் நின்று, உடம்பு ஆறியபிறகுதான் ஒவ்வொன்றாகப் போடுவார். சப்பாத்து ஒரு அளவு பெரிது. உள்ளே தடித்த சொக்ஸ் ஒன்றே ஒன்று, விரல் ஆட்ட இடம் இருக்கவேண்டும். “சினோப் பனிக்குள்ளை வெறும் சேட்டோடை நடக்கிற விசரனைக் கட்டிவைச்சிருக்கினம் எனக்கு” என்று பாலேஸ்வரி தட்டிக்கு மேலால் எனக்கு முறைப்பாடு வைப்பாள்.

அந்தப் பெரிய ஜக்கெற்றை வாங்க இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இவர் ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நிற்பார்.

“கண்ணை மூடும். கேக்குதோ?”

“கேக்குது. பொலித்தீன் பை மாதிரி.”

அடுத்தது. கையை மெல்லத் தூக்குவார், அவளுடைய காதடியில் முழங்கையை மடக்குவார்.

“இப்ப?”

“உங்கடை எலும்பு முறியிற சத்தம்தான் கேக்குது.”

கடைக்காரப் பொடியன் காவலாளியைக் கூப்பிடுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றானாம். கடைசியில், பழைய உடுப்பு விற்கும் கடையொன்றில், மண்ணிறக் கம்பளி ஜக்கெற் ஒன்று. அவள் கண்ணை மூடியபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, “என்ன, போட்டிட்டியளோ இல்லையோ?” என்று கேட்டாள். அவர் அதற்குள் நான்கு தரம் கையைத் தூக்கி இறக்கியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

சத்தம் தீர்ந்தது. மணம் தீரவில்லை. எங்கள் வீடுகளில் பொரிக்கும்போது உடுப்பு அலுமாரியின் கதவைச் சாத்தாவிட்டால், ஜக்கெற் அடுத்த கோடைவரைக்கும் மீன் மணக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவருக்கே அது தெரியும் என்றால் மானுக்குத் தெரியாதா? ஆகையால் அவருடைய வேட்டை உடுப்புக்கு வீட்டுக்குள் இடமில்லை. பல்கனியில் இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஸ்டெபனி கொண்டுவந்து கொடுத்த சீடர் மரத்து இலை. ஒக்டோபர் முடியத் தொடங்கினால் குசினியில் பொரியல் இல்லை, சாம்பிராணி இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை.

“ஏனப்பா, மானுக்கு என்ர மீன்குழம்பு பிடிக்காதாமோ?”

“பிடிக்கும். அதுதான் பயந்து ஓடுது.”

வேட்டைக் காலம் முடிந்ததும் தோய்ப்பது அவள் வேலை. வாசச் சவர்க்காரம் ஆகாது. தொட்டியில் குளிர்தண்ணீர் விட்டு, அப்பச்சோடா கரைத்து, கம்பளி சுருங்காமல் கையாலே அமத்தி அமத்தி எடுப்பாள். ஒருமுறை ஜக்கெற்றின் தலைமூடிக்குள் இருந்து ஓக் மரத்துக் கொட்டையொன்று விழுந்தது. அவர் அவ்வளவு அசையாமல் இருந்திருக்கிறார், அணில் வந்து மாரிக்குச் சேமித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதற்கு நானே சாட்சி. அணிலைக் காணவில்லை, கொட்டையைக் கண்டேன். அத்தனை வருசத்தில் அவர் சுட்டது இரண்டே மான். மற்ற நாட்களில் சும்மா இருந்துவிட்டு வருவார். “என்ன கண்டனீங்கள்?” என்று கேட்டால், “ஒண்டுமில்லை” என்பார், ஏதோ பெரிய விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

தோய்த்து உலர்ந்ததை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்து, “ஒண்டும் இல்லை. நல்லாயிருக்கு” என்று அவளைப் பாராட்டுவார். அவளுக்கும் அது பெருமைதான்.

போன ஓகஸ்டில் நிலாணி குடும்பம் வருகிறதென்று பாலேஸ்வரி, மாதக்கணக்கில் கெடாத மொறுமொறுப்பான பருத்தித்துறை வடை சுட்டு டின்னில் போட்டுவைத்தாள். மறுநாள் டின்னில் அரைவாசி இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ.”

“என்ரை பல்லாலை உந்த வடையைக் கடிக்கேலுமோடி? சூப்பத்தான் ஏலும்.”

அருள்நாயகம் பல்கனியில் தன் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். நவம்பருக்கு ஓகஸ்டிலேயே ஆயத்தம் செய்கிற மனுசன். அந்தக் கிழமை முடிவதற்குள், பஸ் தரிப்பில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், பிறகு எழும்பவில்லை.

செப்டம்பரும் ஒக்டோபரும் பெட்டி மூடியபடி கிடந்தது. நிலாணி ஃபோனில் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அம்மா, பல்கனியிலை இருக்கிற அந்த பொக்ஸ். அதையும் டொனேட் பண்ணுவமே? ஐ மீன், யாருக்காவது யூஸ் ஆகும்.”

“அதிலை கைவைச்சியெண்டால் எனக்கு மகளில்லை” என்றாள் பாலேஸ்வரி. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.  அந்தப் பக்கத்திலிருந்து “சொறி அம்மா” என்று சின்னக் குரல் வந்தது.

நவம்பரில் முதல் பனி தூவியது. ஸ்டெபனி காட்டுக்குப் போகும் வழியில் தொலைபேசி எடுத்து, அவருடைய மரத்தில் இந்த வருசம் வேறு யாரையும் ஏற்றமாட்டேன் என்று சொன்னாளாம். அன்று மத்தியானம் பாலேஸ்வரி என்னைக் கூப்பிட்டாள்.

“நீங்களும் வாங்கோ அக்கா. எனக்குப் பயமாயிருக்கு.”

பெட்டியைக் குசினிக்குள் கொண்டுவரவில்லை. பல்கனியிலேயே குனிந்திருந்து திறந்தாள். மூடி ‘டக்’கென்று விட்டது. சீடர் இலை காய்ந்து மண்ணிறமாகியிருந்தது. ஜக்கெற்றை இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் பொத்தினாள். கழுத்துப் பட்டியை மணந்தாள். கக்கத்தை மணந்தாள். கைமுனையை உட்பக்கம் புரட்டி மணந்தாள். கம்பளித் தொப்பி, சொக்ஸ், கையுறை, ஒவ்வொன்றாக. நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் எதிர்மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஒண்டும் இல்லையக்கா.”

அவர் பாராட்டும்போது சொல்வாரே, அதே சொல்.

“நான்தானே தோய்ச்சனான். இந்தக் கையாலை தோய்ச்சனான். கொஞ்சம் விட்டுத் தோய்ச்சிருக்கலாம்.”

மடியில் கிடந்த ஜக்கெற்றைத் தடவிக்கொண்டிருந்தவளின் கை உட்பக்கத்தில் ஓரிடத்தில் நின்றது. நெஞ்சுக்கு நேரே ஒரு பை. அதற்குள் ஏதோ தடிப்பாக இருந்தது. வெளியே எடுத்தாள். சூடு தரும் பைக்கற் இரண்டு, ஒரு விசில், பிறகு இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இன்னொன்று. காற்றுப் புகாமல், மணம் வெளியே வராமல், அப்படியொரு கட்டு. கடைசிப் பையைப் பிரித்ததும் பெருஞ்சீரகமும் மிளகாயும் பழைய எண்ணெயுமாக ஒரு மணம் பல்கனியெல்லாம் பரவியது. டின்னில் காணாமல் போன வடை.

“கள்ளன்!” என்றாள். சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எனக்குக் குசினியைப் பூட்டிவைச்சுப்போட்டு, உவர் அங்கை மரத்திலை இருந்து வடை திண்டிருக்கிறார். ஒவ்வொரு வருசமும் திண்டிருக்கிறார், அக்கா!”

“மான் கிட்ட வராததுக்கு இப்பதானே காரணம் தெரியுது” என்றேன். “வந்ததுகளும் தண்ணி கேட்டுத்தான் வந்திருக்கும். பாரடி, உன்ரை கைமணம் இல்லாமல் அந்தாளாலை காட்டுக்குள்ளையும் இருக்கேலாமல் போச்சு.”

நான் ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. வடைப்பையை மூக்கருகே கொண்டுபோனாள், பிறகு இறக்கினாள்.

“அவர் என்ர மணத்தைக் கொண்டுபோனார். எனக்கு என்ர மணமோ வேணும், அக்கா?”

நான் குனிந்து, சிந்திக் கிடந்த சீடர் இலைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன். 

அடுத்த நாள் நல்ல குளிர். உடுப்பு எடுக்கப் பல்கனிக்குப் போனேன். தகரத் தட்டியின் இடுக்கால் பார்த்தபோது அவள் அவருடைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் முதுகைக் காட்டியபடி கதிரையில் இருந்தாள். கைமுனை விரலைத் தாண்டித் தொங்கியது. ஜக்கெற்றின் தலைமூடி முகத்தை முழுக்க மறைத்திருந்தது. குசினிக் கதவு திறந்து கிடந்தது, நவம்பர் என்றும் பாராமல் உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது.

“பாலேஸ்” என்று கூப்பிட்டேன்.  தோள்கள் மட்டும் மேலும் கீழும் போய்வந்ததாக எனக்குப் பட்டது. அழுகிறாளோ என்று தட்டியில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடி நின்று, சத்தம் போடாத ஜக்கெற்றாகப் பார்த்து எடுத்தவளும் அவள்தானே.