செங்கல் ஒத்தடம்

அன்று வீட்டில் என் மனைவி இருந்தாள். அவளுடைய அண்ணன், என் மச்சான், இருந்தான். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் இருந்தார், மச்சான் கூட்டி வந்தவர். கட்டிலில் நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

மார்புக்குக் கீழே தொட்டாலும் சுட்டாலும் எனக்குத் தெரியாது. புளி உலுக்க ஏறிய இடத்தில் கிளை முறிந்துவிட்டது. கீழே கிடந்தவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். மச்சான் பைக் ஓட்ட, பின்னால் ஒருவன் பிடித்துக்கொள்ள, நடுவில் என்னைச் சொருகிப் பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தலை தொங்கிக்கொண்டே போனது. அங்கிருந்து ஆம்புலன்சில் தருமபுரி.

எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். சொன்னதும் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். போர்வெல் குழாய்க்குள் மோட்டார் ஒயர் இறங்குகிற மாதிரி, மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் ஒரு தண்டு இறங்குகிறதாம். எலும்பு உடைந்து அதை நசுக்கிவிட்டது. நசுங்கிய இடம் வீங்கும். உள்ளே வீங்க இடம் கிடையாது, அதனால் பக்கத்தில் நன்றாக இருந்ததும் சாகும். எலும்பு ஒட்டிவிடும், தண்டு ஒட்டாது. விழுந்ததில் எவ்வளவு கெட்டது, மடக்கித் தூக்கியதில் எவ்வளவு கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

அந்தப் பேச்சு மச்சானை விடவில்லை. யாரும் கேட்காமலே, "நான் கொண்டாரலன்னா அங்கயே செத்திருப்ப" என்பான். நான் எழுந்து நடந்தால் அவன் மேல் இருக்கும் பழி போய்விடும். நான் நடக்க வேண்டும் என்று அவன் நினைத்தது அதற்குத்தான்.

சில மாதம் கழித்து என் கால் தானாக உதறியது. போர்வை பட்டாலே போதும். அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டு உயிரோடுதான் இருக்கும், மூளையைக் கேட்காமல் அதுவே உதைக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அறுந்த பல்லி வால் ஆடுகிற மாதிரிதான். அதை மச்சான் பார்த்துவிட்டான்.

"பாத்தியா மாப்ள, உசுரு வந்துருச்சு!"

"வரல மச்சான்."

"உனக்கு எந்திரிக்க மனசில்ல. தங்கச்சி சோறு போட்டுருவாங்கற தெம்பு."

மறுநாள் வைத்தியரோடு வந்து நின்றான்.

வைத்தியர் செங்கல்லை அடுப்பில் சுட்டு எடுத்து, மேலே எருக்கிலை பரப்பினார். குதிகால் வலிக்கு எங்கள் பக்கம் எல்லாரும் வைப்பதுதான்.

"நரம்பு வெரல்ல கட்டிக் கெடக்குது தம்பி. சூடு பட்டா எளகும்."

"சுட்டா எனக்குத் தெரியாதுங்க. வேணாம்."

"தெரியாதுன்னா அப்பறம் என்னய்யா பயம்?" என்றான் மச்சான்.

"ணா, வுடு. சூடே ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் மனைவி.

"டாக்டர் நடக்க வெச்சாரா?"

அவள் ஒதுங்கி நின்றாள்.

இடது காலைத் தொங்கவிட்டு, விரல்களைச் செங்கல்லில் வைத்து அழுத்தினார் வைத்தியர். அது என் கால் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்தது. தலைக்குள் இடித்தது. மூத்திரம் போக வைத்திருக்கும் குழாய் அடைத்தாலும் எனக்கு இப்படித்தான் வரும். கீழே நடப்பதை உடம்பு மேலே இப்படித்தான் சொல்லும்.

"வேர்க்குது பாருங்க. உள்ள வேலை செய்யுது" என்றார் வைத்தியர்.

"எடுங்க. கால் வேவுது. தல வெடிக்குது."

மச்சான் என் தோளை அழுத்திப் பிடித்தான். "பொறுத்துக்க மாப்ள."

கை எனக்கு வேலை செய்யும். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து கத்தினான். மனைவி ஓடி வந்து என் காலைத் தூக்கினாள். எருக்கிலையும் சேர்ந்து வந்தது. அவள் இலையை இழுக்க, தோலும் உரிந்தது. கறி தீய்ந்த வாசம் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

வைத்தியர் செருப்பைத் தேடினார்.

"என்னியவே அடிச்சிட்டான் பாரு" என்றான் மச்சான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். வூட்ட வுட்டு வெளிய போ" என்றாள் அவள்.

தருமபுரியில் கட்டு மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உணர்ச்சி இல்லாத காலில் ரத்த ஓட்டம் மந்தம், புண் லேசில் ஆறாது என்றார்கள். சில விரல்கள் கறுத்தன. வெட்டினார்கள்.

நான் அடிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நடந்திருப்பேன் என்று மச்சான் ஊரில் சொல்லித் திரிகிறான். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நம்பட்டும்.

எனக்கு இப்போது இரண்டு காலுக்கும் சேர்த்து விரல் ஏழு.