மாற்றாள் இல்லை

நிமோனியா முற்றிப்போய் என் வீட்டுக்காரரை வென்டிலேட்டரில் போட்டிருந்தார்கள். மூக்குக் குழாய் வழியாக ஊற்றிய கஞ்சி கீழே இறங்கவில்லை. வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தூக்க மருந்துல குடலும் படுத்துடுச்சும்மா. வயிறு மேல தள்ளினா நுரையீரல் விரிய இடமில்ல. மோஷன் போகணும். அப்பத்தான் சாப்பாடு ஏத்த முடியும், மெஷின எடுக்கத் தெம்பும் வரும். வழக்கமா ஒழுங்கா போவாரா?"

"வார லீவுல போவாங்க சார்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது. அவளுக்கு என்ன தெரியும்? ஒரகடத்துக் கம்பெனியில் அவர் வேலை பார்த்த அசெம்பிளி லைனில் கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்த்து, அவர் இடத்தில் நிற்க மாற்றாளை அனுப்ப வேண்டும். ஆள் இல்லையென்றால் கையை இறக்கிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். இதற்குப் பயந்தே மனுஷன் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்பெனி பஸ் ஏறுவார். அடக்கி அடக்கி அந்த உணர்ச்சியே மரத்துப்போயிருந்தது.

அதே சூப்பர்வைசர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். கஞ்சியே இறங்காதவருக்கு ஹார்லிக்ஸ்! டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னது என் புத்திகெட்ட வேலை. அன்றிலிருந்து எப்போது வந்தாலும், ஐ.சி.யு. வாசலில் அத்தனை பேர் முன்னாலும் அதே கேள்விதான்.

"இன்னாம்மா, மோஷன் போச்சா?"

எனக்கு உச்சந்தலைவரை எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவேன்.

எனிமா கொடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். ஒரு மத்தியானம் அந்த நர்ஸே ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "போயிட்டாருக்கா, நல்லா போயிட்டாரு. பெட்ஷீட்டெல்லாம் மாத்தணும்." திறந்த கதவு வழியாக நாற்றம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் இன்னொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். "மோஷன் போச்சாம்மா?"

"போச்சு சார். உங்கள்ட்ட கை தூக்காமலே போயிருக்காக. மெமோ குடுப்பீகளா?" கத்தியே விட்டேன். ஹார்லிக்ஸை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

வயிறு வற்றியது, மெஷினை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் அதே லைனுக்குத்தான் போனார். வேறு போக்கிடம் ஏது? முதல் நாள் ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருந்த அறைக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கக்கூசுக்கு ஓடினார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"கை தூக்கலியா?"

"தூக்குனேன். இன்னைக்கு ஆள் இல்லன்னுட்டாரு."