ஜீப்பில் சித்தியின் இடம்

சித்தி புகையிலை அடக்கும் கன்னத்தின் உட்புறத்தில், துடைத்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் கூடலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்திய வாய்ப் பரிசோதனை முகாமில் அது தெரியவந்தது. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். அந்தச் சோதனை வார நாட்களில்தான் உண்டு. சித்தியோ வார நாட்களில் விடியும் முன்பே குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இருப்பாள்.

"ஒரு நாள் லீவு போடு சித்தி."

"லீவா? நான் இறங்குன எடத்துல இன்னொருத்தி ஏறி உக்காந்துருவா. காயெடுப்பு முடியட்டும்."

அதில் மிகையில்லை. கங்காணியிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். நோய் என்ற சொல் ஜீப்பில் ஏறினால் சித்தி இறங்க வேண்டியிருக்கும். முடிவே தெரியாத ஒன்றுக்காக அவள் பிழைப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமையில்லை. பேசாமல் இருந்தாலோ திட்டு வளரும். கடைசியில் அந்த ஜீப்புகளின் வழக்கத்தையே பற்றிக்கொண்டேன்: வர முடியாதவள் தன் வீட்டிலிருந்து மாற்று ஆளை அனுப்பினால் இடம் அவளுக்கே. சித்தி தேனி பஸ் ஏறினாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன்.

முழங்கால்கள் இடிக்க, தலையைத் திருப்பவும் இடமின்றி மலையேறினோம். தோட்டத்தில் இறங்கியதும் பெண்கள் பொட்டலத்திலிருந்து புகையிலையை எடுத்து, எண்ணெயில் நனைத்துக் கால்களில் தேய்த்தார்கள். மழைக்காலத்து அட்டைக்கு அதுதான் மருந்து. புகையிலையை விடச் சொல்லி மாதக்கணக்கில் இவர்களிடம்தான் பேசியிருந்தேன். அதனால் தேய்க்காமல் நின்றேன். சற்று நேரத்தில் கணுக்காலில் இரத்தம் வழிந்தது.

"ஏத்தா, அட்டைகிட்ட ஒன் நோட்டீஸக் குடுத்துப் பாரேன்!" என்றாள் பக்கத்தில் காயெடுத்தவள்.

கையை நீட்டினேன்.

"மேடம் பொகையில வாங்குறாக, பாத்துக்கங்கடி!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அதே பொட்டலத்திலிருந்து ஆளுக்கொரு காய்ந்த துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள். குளிருக்கும் அதுவே, சோற்று நேரம் வரை பசிக்கும் அதுவே. அட்டை ஏறாத காலுறையும், காலையில் ஒரு சூடான தேநீரும் தோட்டம் தந்தால் பாதிப் புகையிலை குறையும் என்று தோன்றியது. கங்காணியிடம் சொன்னேன். அவர் என் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல இதப் பாரு தாயி. பூராம் பிஞ்சு. இனிமே மாத்தாளு வேணாம். ஒன் சித்தியவே வரச் சொல்லு."

சாயங்காலம் ஜீப் நிற்குமிடத்தில் சித்தி காத்திருந்தாள். வாயில் தையல்; உதட்டை அசைக்காமலே பேசினாள்.

"டாக்டரு என்ன சொன்னாக?" என்றேன்.

"அத விடு. கங்காணி என்ன சொன்னாக?"

சொன்னேன். சோதனை முடிவைக் கேட்க அடுத்த வாரம் அவளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம், அதுவும் வார நாளில். இருவரும் காலியான ஜீப்பைப் பார்த்தபடி நின்றோம்.

மறுநாள் இருட்டோடு கிளம்பும்போது, மாடத்தில் நான் ஒளித்து வைத்திருந்த தன் புகையிலைப் பொட்டலத்தைச் சித்தி கேட்டாள்.

"வாயில போட மாட்டேன்டி. காலுக்கு மட்டுந்தான்."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. என் கணுக்காலில் கடிவாய் இன்னும் அரித்தது. பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.