பன்யாங் கட்டிய பதியன்

பன்யாங் என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது என் பெரியம்மா மகள் லூர்தெஸுக்குத் தலைப்பிள்ளை பிறந்த அன்றைக்கு. "யாராவது பன்யாங் வீட்டுக்கு ஓடுங்கடி, கொய்யா இலை இல்லாம எப்படி வெந்நீர் வைக்கிறது?" என்று மருத்துவச்சி கத்தினாள். எங்கள் ஏரிக்கரை ஊரில் பிள்ளை பெற்றவளைக் கழுவிவிட அந்த ஒரு மரத்து இலைதான்.

பன்யாங் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அவளுக்குத்தான் பிள்ளை இல்லை. அந்த மரத்தை நட்ட புருஷன் சில்வெஸ்த்ரே போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம். மனை அவன் குடும்பத்துச் சொத்து. அவனுடைய அண்ணன் மகன் விற்றுவிட்டான். ஜூன் பிறந்ததும் அவள் மனிலாவில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும்.

"கொய்யா மரத்தை என்னடா செய்ய?" என்று விற்றவனிடமே போனில் கேட்டாள்.

"சித்தி, மனிலாவுல கொய்யாவா கிடைக்காது? கூடை கூடையா வாங்கித் தர்றேன்."

தங்கை வீட்டுப் பின்னால் ஒரு பாய் அகல மண் இருந்தது. அந்த மரத்திலிருந்து ஒரு கன்று எடுத்துப்போய் வைக்க அது போதும் அவளுக்கு. பக்கத்து வீட்டுக் காத்யோ, மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பதியன் கட்டத் தெரிந்தவன். ஏப்ரலில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னான்.

"ஒரு கிளையில ரெண்டு விரல் அகலத்துக்குத் தோலை வளையமா எடுத்துடுக்கா. உள்ளே வழவழன்னு இருக்கும் பாரு, அதை ஈவிரக்கமில்லாம சுரண்டு. அப்பத்தான் வேர் விடும்."

தோலை எடுத்தாள். சுரண்டக் கத்தியை வைத்தவளுக்குக் கை ஓடவில்லை. அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்க அந்த மரத்தை விட்டால் வேறு யாருமில்லை. பட்டும் படாமலும் இரண்டு இழுப்பு இழுத்து, ஈர நார்த்தூளை அப்பி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினாள். அப்புறம் தினமும் காலையில் காபியோடு வந்து நின்று, தாளுக்குள் வெள்ளையாக எதுவும் தெரிகிறதா என்று பார்ப்பாள். ஏழு வாரம் பார்த்தாள்.

கிளம்ப நாலு நாள் இருக்கையில் காத்யோ வந்து கட்டைப் பிரித்தான். ஒரு வேர்கூட இல்லை. காயத்தின் மேல் புதுத்தோல் கூடி, ஆறிப்போயிருந்தது.

"என்னக்கா, சுரண்டச் சொன்னா முத்தம் கொடுத்து வச்சிருக்க?"

"வலிக்குமோன்னு…"

காத்யோவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னொண்ணு நான் கட்டறேன். ரெண்டு மாசம் பொறு."

"எனக்கு ஏதுடா ரெண்டு மாசம்?"

"அப்ப நாலு பழம் எடுத்துட்டுப் போ. விதை போடு."

"விதையில வர்றது வேற ஒருத்தன்டா. இவன் இல்ல."

பஸ் ஏறும்போது துணிப்பையைத் தவிர அவள் கையில் எதுவுமில்லை. லூர்தெஸ் போன மாசம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பின்னாலிருந்த மண்ணில் தங்கை மருமகன் சிமெண்டு போட்டுவிட்டானாம். வேண்டாமென்று பன்யாங் சொல்லவில்லையாம்.

மனிலாவில், அந்த வீட்டு மாடியறையில்தான் இப்போது பன்யாங் இருக்கிறாள்.