கட்டியக்காரன் கூப்பிட்ட பெயர்

எந்தத் தோட்டத்துக்கு நாடகம் பழக்கப் போனாலும் சபாபதி வாத்தியார் முதலில் ஒரு கோணிச் சாக்குக் கேட்பார். அதை நாலாக மடித்து, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு வெளியே, ஆட்கள் வரிசை நிற்கும் பக்கத்துக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொள்வார். உட்காரும் முன் வேட்டி நுனியை இழுத்து மடியில் செருகிக்கொள்வார், செம்மண் ஒட்டக்கூடாது. குடையை முழங்கால்மேல் குறுக்கே வைப்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி ஊதித் துடைத்து, துடைத்ததைப் போட்டுக்கொள்ளாமல் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கப்போவதில்லை என்றால் எதற்குத் துடைக்கவேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் வாளிகள் வந்து இறங்கும். ஆட்கள் பேசுவார்கள், முட்டிக்கொள்வார்கள், ஒருவரை ஒருவர் வாருவார்கள். வாத்தியாரின் கட்டைவிரல் குடைப்பிடியின் வளைவில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று விரல் நின்றுவிடும்.

"இப்பப் பேசினது யாரு?" என்பார், திரும்பாமலே.

பெயரைச் சொன்னதும் அந்த இடத்திலேயே வேஷத்தையும் சொல்லிவிடுவார். ராஜா, மந்திரி, ராணி, சேடி எல்லாமே குரலை வைத்துத்தான். மீசையை ஒட்டிக்கொள்ளலாம், குரலை எதைக்கொண்டு ஒட்டுவது என்பது அவர் கட்சி. ஒருவனுக்கு என்று சொன்ன வேஷத்தை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்ததும் கிடையாது. அலைந்து பிழைக்கும் தொழிலில் அவர் விடாமல் பிடித்து வைத்திருந்த வைராக்கியம் அது ஒன்றுதான்.

அவருக்கென்று கம்பெனி எதுவும் இல்லை. குளுவாங் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே நஜ்முதீன் ராவுத்தரின் சாப்பாட்டுக்கடை மாடியில் ஓர் அறை, அறையில் ஒரு தகரப்பெட்டி, பெட்டியில் கிரீடங்களும் ஜிகினாச் சட்டைகளும். எந்தத் தோட்டத்தில் திருவிழா வந்தாலும் ஆள் வந்து ராவுத்தரிடம் சொல்லிவிட்டுப் போகும். ராவுத்தர் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார்.

"வாத்தியாரே, ரெங்கத்துப் பக்கம் ராஜா இல்லாம ஒரு தோட்டம் தவிச்சுக்கிட்டு இருக்காம் லா. போய் முடிசூட்டிட்டு வாங்க."

போய் இறங்கிய நாளிலிருந்து அந்தத் தோட்டம்தான் அவர் கம்பெனி. நாடகம் முடிந்ததும் பெட்டியோடு ரயிலேறிவிடுவார். நிலையாக ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டால் என்ன என்று ராவுத்தரே கேட்டிருக்கிறார். "ஒரே ராஜா மூஞ்சிய எத்தனை நாளைக்கிப் பாக்கறது பாய்?" என்று சிரித்துவிட்டார்.

முப்பத்தைந்தாம் வருஷம், ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழாவுக்காக அவர் சாக்கில் உட்கார்ந்திருந்தார். நாடகம் அவரே கட்டியது: வச்சிரசேன மகாராஜா. அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவன் தன் மனைவியிடம் வாளியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். சாதாரணப் பேச்சுதான். ஆனால் நல்ல பித்தளை மணியை விரல் கணுவால் தட்டியது போல இருந்தது குரல். வாத்தியாரின் கட்டைவிரல் நின்றது.

"யாரு அது?"

"சன்னாசிங்க. பாலுக்கு மரம் வெட்டுறவன்."

"ராஜா" என்றார் வாத்தியார்.

வரிசை குலுங்கிச் சிரித்தது. "பேரு சன்னாசி, வேஷம் மகாராஜாவா?" என்றாள் சன்னாசியின் மனைவி ராஜம்மா. "வீட்டுல ஒரு பானைக்கு மூடி இல்ல. இவருக்கு முடியாம்."

அந்தச் சிரிப்பை ஓர் அதட்டல் வெட்டியது. "என்னா அங்க இளிப்பு? பால் கீழ சிந்துது பாரு." கொட்டகைத் தகரமே ஒருமுறை அதிர்ந்தது.

வாத்தியாரின் கட்டைவிரல் மறுபடி நின்றது. இப்படி ஒரு கட்டியக்காரனைத்தான் அவர் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். ராஜாவுக்கு முன்னால் வந்து 'பராக்' சொல்லி, கோமாளித்தனமும் செய்து, கூட்டத்தைக் கட்டிப்போடுகிற குரல் இது.

"இது யாரு?"

ராஜம்மாதான் ஒன்றும் தெரியாதவள் போலச் சொன்னாள். "அவுரு பேரு காளியப்பன்."

"காளியப்பன், கட்டியக்காரன்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். தலைப்பாகை, கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு, காலில் செருப்பு. திருவிழாவை நடத்துகிறவரும் தன்னை வரவழைத்தவருமான காளியப்பக் கங்காணி நின்றுகொண்டிருந்தார். ராஜா வேஷம் தனக்குத்தான் என்று ஒரு மாதமாக மீசைக்கு எண்ணெய் போட்டுவந்தவர். சன்னாசி அவருடைய ஆட்களில் ஒருவன். விடியுமுன்னே நடக்கும் பெரட்டில், வரிசையாக நிற்கும் ஆட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "சன்னாசி" என்பார். "இருக்கேன்யா" என்பான் இவன். அவர்கள் இருவருக்கும் நடுவே அதற்குமேல் பேச்சு நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

"கட்டியக்காரனா?" என்றார் கங்காணி, ஒவ்வொரு எழுத்தாக.

வாத்தியாருக்குத் தான் செய்தது புரிந்தது. ஆனால் வைராக்கியமும் இருந்தது. "கங்காணியாரே, ராஜாவுக்கு முன்னாடி மேடைக்கு வர்றது யாரு? கட்டியக்காரன். அவன் கூப்புடலேன்னா ராஜா திரைக்குப் பின்னாலேயே நிக்க வேண்டியதுதான்."

கங்காணி பிரம்பைத் தரையில் ஊன்றி யோசித்தார். "அப்ப நான் கூப்புட்டாத்தான் ராஜாவே வருவாரு."

"ஆமாங்க."

"அது எப்பவும் உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

ஒத்திகை பிற்பகல்களில், புகைக்கொட்டகை நிழலில் நடந்தது. சன்னாசி பாடினால் ரப்பர் ஷீட்டு காயப்போடும் பெண்கள் கையை நிறுத்திவிடுவார்கள். வசனத்தில் ஒரு சொல் பிசகமாட்டான். தர்பார் காட்சி வரும்வரை எல்லாம் சுகமாகப் போயிற்று. அங்கே ராஜா சிம்மாசனத்தில் இருந்து, 'அடேய் கட்டியக்காரா, இங்கே வாடா' என்று முழங்கவேண்டும்.

சன்னாசி முழங்க ஆரம்பித்தான். எதிரே பிரம்பு தெரிந்தது.

"கங்காணியாரே, கொஞ்சம் இங்க வாங்க."

வாத்தியார் திரும்பாமலே கையை ஆட்டினார். "திரும்பச் சொல்லு. அடேய்."

"அடே..." என்றான் சன்னாசி. பாதி வழியில் அது இருமலாகிவிட்டது.

"பயப்படாம சொல்லுடா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சொல்றியா இல்லியா?" என்றார் கங்காணி. அவர் தைரியம் சொன்னதே பெரட்டு அதட்டல் போல இருந்ததால் இருமலும் நின்றுபோயிற்று.

"மனசுக்குள்ள சொல்லிட்டேன்யா. வாய்க்குத்தான் வரமாட்டேங்குது."

வாத்தியார் அவனை ரப்பர் மரத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மரத்திடம் பிரமாதமாகச் சொன்னான். வீட்டில் ஆட்டுக்குட்டியிடம் சொல்லிப் பார்க்கும்படி அனுப்பினார். மறுநாள் ராஜம்மா வந்து முறையிட்டாள். "குட்டிய நாள்முச்சூடும் அடேய் அடேய்னு வெரட்டுறாரு வாத்தியாரே. கங்காணி அந்தப் பக்கமா நடந்து வந்தாரு, அவ்வளவுதான், குட்டியவே வாங்கன்னுட்டாரு."

வசனத்தை மாற்றி, 'கட்டியக்காரரே, வாரும்' என்று எழுதலாமா என்று வாத்தியார் கேட்டுப் பார்த்தார். அதற்குக் கங்காணி இடம் கொடுக்கவில்லை.

"எந்த ஊரு ராஜா கட்டியக்காரனை வாரும்னான்? சுத்துப்பட்டுத் தோட்டத்து ஆளுங்கள்லாம் வர்றாங்க. காளியப்பனுக்குப் பயந்து ராஜாவே பம்முறான்னு சிரிப்பாங்க. என் மானம் போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் மச்சானுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். அன்னைக்கி மேடையில இவன் அடேய் சொன்னா ராஜா. வாங்கன்னு வந்துச்சுன்னா, அடுத்த காட்சிக்கு மச்சான் கிரீடத்த வெச்சுக்குவான். சம்மதம்தானே?"

திருவிழா நடத்துகிறவரிடம் எப்படி மறுப்பது? வாத்தியார் தலையாட்டினார். ஆட்டிய தலை அன்று மாலைவரை கனத்தது. மச்சானின் குரலையும் அவர் கேட்டிருந்தார். காலி வாளிக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போன்ற குரல்.

நாடகத்தன்று விளக்கு வைத்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் இரைச்சலில் கோயில் முன்னால் இருந்த திடல் முழுக்கத் தலைகள். குளுவாங்கிலிருந்து ராவுத்தரும் ரயிலில் வந்து முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் சன்னாசி, ஜிகினாச் சட்டையில், மழையில் நனைந்த மயில் போல ஒடுங்கி நின்றான். அவனுக்கு அரை முழம் தள்ளி மச்சான், முகத்தில் மாவு பூசி, தயாராக. வாத்தியார் வழக்கம்போல மேடைக்கு முதுகைக் காட்டி, பக்கத்துத் தட்டியைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டியக்காரன் போய் நின்றார். தாளம் அடங்கியது. 'பராக், பராக், வச்சிரசேன மகாராஜா கொலுவுக்கு வருகிறார்' என்று வரவேண்டும். வரவில்லை. கங்காணிக்கு எதிரே, ஒவ்வொரு விடியற்காலையும் அவர் பார்க்கிற அதே முகங்கள் அதே மாதிரி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"சன்னாசி" என்று கத்தினார் கட்டியக்காரன்.

"இருக்கேன்யா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து மகாராஜாவின் குரல்.

திடல் வெடித்தது. கிழவர்கள் தொடையில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள், "இருக்கேன்யா, இருக்கேன்யா" என்று எழுந்து குதித்தன. "அலமாக்" என்று ராவுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். வாத்தியார் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். தான் கட்டிய நாடகம் முதல் வரியிலேயே சரிந்துவிட்டது. நாளைக் காலை ரயிலில் எந்த முகத்தோடு ஏறுவது என்று நினைத்தார். பக்கத்தில் மச்சான், "குடு, குடு" என்று கிரீடத்தில் கைவைப்பது கேட்டது. அப்புறம் ஓர் இழுபறிச் சத்தம். அப்புறம் சலங்கைக் காலடி, மேடையை நோக்கி.

சிரிப்பு ஓயட்டும் என்று அந்தக் காலடி பொறுமையாக நின்றது. எந்த ஒத்திகையிலும் வாத்தியார் சொல்லித்தராத நிதானம் அது.

"அடேய் கட்டியக்காரா."

பித்தளை மணி. திடல் கப்பென்று அடங்கியது.

"பெரட்டுல நீ என் பேரைக் கூப்புட்டே. நானும் இருக்கேன்னு சொல்லிட்டேன். இப்ப இது அரண்மனைப் பெரட்டு." ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தான். "காளியப்பன்."

ஐயா இல்லை, கங்காணியார் இல்லை, வெறும் பெயர். வரிசையில் நின்ற எவர் வாயிலிருந்தும் அது இப்படி வந்ததில்லை. ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டியக்காரனின் செருப்பு இரண்டும் சேரும் சத்தம் கேட்டது.

"இருக்கேன் மகாராஜா."

"வாளி கழுவினியா?"

"மறந்துட்டேன் மகாராஜா."

"மரம் எத்தனை வெட்டாம விட்டே?"

"நான் பிரம்புதான் கொண்டுபோனேன் மகாராஜா. கத்திய மறந்துட்டேன்."

"அப்ப ஒனக்கு இன்னைக்கி அரைப்பேருதான்டா. வாடா இங்கே."

அரைப்பேரு என்று அரைநாள் வேலைக்கு மட்டும் பெயர் போட்டு அனுப்புவது தெரியாதவர் அந்தத் திடலில் ராவுத்தர் ஒருவர்தான். அவருக்கும் பக்கத்து ஆள் சொல்லிக்கொடுத்து, எல்லோரும் சிரித்து முடித்தபின் அவர் தனியாகச் சிரித்தார். கட்டியக்காரன் குட்டிக்கரணம் போடாத குறையாக ஓடிப்போய் ராஜாவின் காலடியில் உட்கார்ந்தார். சபாபதி வாத்தியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினார். தான் பழக்கிய நாடகம் ஒன்றை அவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிரீடம் ஒரு காதின்மேல் சரிந்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, மச்சானைத் தவிர.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் கங்காணி வழக்கம்போலக் கூப்பிட்டார். "சன்னாசி." "இருக்கேன்யா." வரிசை முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. கங்காணி அடுத்த பெயருக்குப் போகாமல் கொஞ்ச நேரம் பிரம்பின் பூணைத் துடைத்தார். பிறகு அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

அதற்குப்பின் எந்தத் தோட்டத்து ஆள் வந்தாலும், "அந்தப் பெரட்டு நாடகம் போடுங்க வாத்தியாரே" என்றுதான் கேட்டான். வாத்தியாரும் அதை வசனமாக எழுதிப் பார்த்தார், வேறு கங்காணிகளை வைத்துப் பழக்கிப் பார்த்தார். ஒட்டவில்லை. ராவுத்தர் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்வார். "அது தானா நடந்த தப்பு பாய். தப்பைப் பழக்க முடியாது." கடைசிவரை அப்படித்தான் நம்பினார்.

கங்காணியின் மனைவி அங்கம்மா அதைச் சொன்னது வெகுகாலம் கழித்து, வாத்தியாரும் கங்காணியும் போய்ச் சேர்ந்தபிறகு. திருவிழாவுக்கு முந்தின வாரம் முழுக்க, மனிதர் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றுகொண்டு, விதவிதமாகச் "சன்னாசி, சன்னாசி" என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு தடவையும் அடுப்படிப் பக்கம் திரும்பி அவளிடம் கேட்பாராம்: "இப்பச் சொல்லு. வாய் தவறி வந்தாப்ல இருக்கா, இல்ல வேணும்னே சொன்னாப்ல தெரியுதா?"