பூசணிக்குள் கை

வைட்ஃபீல்டில் ஒரு நர்சரியில் எனக்கு ஆயா வேலை. இன்று மிஸ் ஒரு பெரிய பூசணிக்காயின் தலையை வெட்டி, உள்ளே கைவிட்டு விதை எடுக்கச் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் எடுத்தார்கள். மீரா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தப் பச்சை வாசம் எனக்குத் தெரியும். பொம்மசந்திராவில் அப்பா வேலை பார்த்த கம்பெனி வாசலில், ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணி உடைப்பார்கள். அது வெள்ளைப் பூசணி. வாசம் ஒன்றுதான். சின்ன வயதில் ஒருமுறை, விதைக்கு ஆசைப்பட்டு உடைந்த பாதிக்குள் கையை விட்டேன். கையெல்லாம் குங்குமம்.

“கம்பெனி மேல பட்ட கண்ணெல்லாம் அதுலதான்டி இருக்கு. தொட்டுட்டியே,” என்றாள் அம்மா.

கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

அப்பா குனிந்து அதே பாதிக்குள் தன் கையையும் விட்டார்.

“வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். நட, பன் வாங்கித் தரேன்.”

சிவந்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மீரா பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்குள் கையை விட்டேன்.

“கடிக்குதா ஆன்ட்டி?”

“இன்னும் இல்ல.”

அவள் யோசித்தாள். கொஞ்ச நேரத்தில், உள்ளே ஒரு சின்னக் கை வந்து என் விரலைப் பிடித்தது.